கண்ணாடியில் தெரிந்த எண்ணெய்

வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்தாகிவிட்டது. பீரோ அண்ணனுக்கு, கட்டில் தம்பிக்கு என்று அண்டா குண்டா வரைக்கும் பங்கு போட்டார்கள். லேத்தை என்ன செய்வது? அப்பா வாங்கிப் போட்ட, இரும்பைக் கடையும் கனத்த பழைய இயந்திரம். அதைப் பாதியாக அறுக்க முடியுமா! அதனால் வாசல் பட்டறையில் நின்ற இடத்திலேயே நின்றது. காலையில் அண்ணனான பெரியவர் ஓட்டுவது, மதியத்துக்கு மேல் தம்பி ஓட்டுவது என்று மாமா ஒருவர் பேசி முடித்து வைத்தார். இரண்டு வீட்டு அடுப்பும் அந்த ஒரு லேத்தை நம்பித்தான் எரிந்தது.

சண்டைக்குக் காரணம் சொத்து இல்லை. அப்பா செத்த அன்று நாலு பேர் முன்னிலையில் தம்பி வாயை விட்டுவிட்டான். "நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா அப்பா பிழைச்சிருப்பாரு. இவருக்கு அன்னிக்கும் வேலைதான் பெருசு!" அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது. வருடக்கணக்காக, அவர் பின்வாசல் வழியாகக் கிளம்பிப் போன பிறகுதான் இவன் முன்வாசலில் நுழைவான். நல்ல கூத்து.

பழைய லேத்துக்கு எண்ணெய்த் தாகம் அதிகம். கியர் பெட்டியின் பின்பக்கம் எங்கோ கசிந்துகொண்டே இருக்கும். உள்ளே எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று பார்க்க, பெட்டியின் முகப்பில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி. பாதிக் கண்ணாடிக்கு எண்ணெய் நின்றால் போதும். குறைந்தால் மேல் மூடியைத் திறந்து ஊற்ற வேண்டும். நெடுநாள் பெரியவர்தான் ஊற்றிவந்தார். ஒருநாள் வீம்பு வந்துவிட்டது. நான் வாங்கி ஊற்றுவேனாம், துரை சும்மா ஓட்டுவாராம்! ஊற்றுவதை நிறுத்தினார். காய்ந்தால் தானே வருவான் என்று, தினமும் கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்ணெய் இறங்கவே இல்லை. வாரங்கள் போயின, பாதிக் கண்ணாடியில் பழுப்பாக அப்படியே நின்றது.

"பய ஊத்துறான்டி," என்றார் மனைவியிடம், சோற்றில் கை வைத்தபடி. "ஒரு வார்த்தை சொல்லாம ஊத்துறான்."

"ரத்தம் இல்லையா?" என்றாள் அவள். "நீங்கதான் கல்லு மாதிரி இருக்கீங்க."

கல் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. வேலை முடிந்ததும் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளிவிட்டு, லேத்தின் நீண்ட இரும்புத் தளத்தைப் பஞ்சால் துடைத்து, முகம் தெரிகிற மாதிரி எண்ணெய் பூசிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் தம்பியும் துடைத்துப் பூசியிருந்தான்! அவருடைய வெட்டுளியைத் தம்பி சாணை பிடித்தே வைத்திருந்தான். பெரியவர் அந்த முனையைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். சந்தோஷமாக இருந்தது, வேறென்ன சொல்ல.

மகளுக்குக் கல்யாணம் கூடியது. "சித்தப்பா இல்லாம நான் மணவறையில உட்கார மாட்டேன்," என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பெரியவர் ஒரு முடிவுக்கு வந்தார். இன்றைக்குப் பின்வாசலுக்குப் போவதில்லை. அவன் வருகிற வரைக்கும் நின்று, வாய்விட்டுக் கூப்பிடுவது.

அன்று காலையிலிருந்தே லேத்தின் சத்தத்தில் ஒரு கரகரப்பு. பெட்டியில் கை வைத்தார், சுட்டது. கண்ணாடியைப் பார்த்தார். பாதிக்கு எண்ணெய் இருக்கிறதே, பிறகென்ன? வெயில் காலம், சூடு இருக்கத்தான் செய்யும் என்று ஓட்டினார். மதியம் நெருங்கும்போது உள்ளே ஏதோ கிறீச்சிட்டது. இரும்பைக் கவ்விச் சுழலும் சக்கு ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. கியர் பற்கள் நொறுங்கும் சத்தம் கேட்டது.

மூடியைத் திறந்தார். உள்ளே சொட்டு எண்ணெய் இல்லை. பற்கள் நீலம் பாய்ந்து கருகிக் கிடந்தன. விரலை உள்ளே விட்டுக் கண்ணாடியின் பின்பக்கத்தைத் தடவினார். பழைய எண்ணெய் பிசினாக ஒட்டிப் பிடித்த வெறும் கறை. ஒரே தேய்ப்பில் போய்விட்டது.

சத்தம் கேட்டுத் தம்பி ஓடிவந்தான். வருடங்களுக்குப் பிறகு இருவரும் முகத்துக்கு முகம் பார்த்தார்கள்.

"என்னண்ணே இது, காஞ்சு கெடக்கு! நீ ஊத்தலையா?"

"நீ ஊத்துறேன்னு நெனச்சேன்டா!"

"நானா? நீதான் தெனம் ஊத்துறேன்னு... உனக்கு என் மேல பாசம் விட்டுப்போகலைன்னு எங்க வீட்ல சொல்லிட்டு இருந்தேனே!"

ஐயோ, அந்த நிமிடத்தில் பெரியவர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் அப்படித்தான்டா நினைச்சேன் என்று. அந்தப் பாழாய்ப்போன வாய் வேறு சொன்னது. "உன்ன நம்பினேன் பாரு, என்னச் சொல்லணும்."

தம்பியின் முகம் இறுகியது. "அப்பாவும் உன்ன நம்பித்தான் போனாரு."

மெக்கானிக் வந்து பார்த்தார். இருவரும் சேர்ந்து செலவு செய்தால் கியரும் தண்டும் புதிதாகக் கடைந்து போட்டுவிடலாம் என்றார். கெடுத்தவன் செய்யட்டும் என்று இவர். ஓட்டினவர் செய்யட்டும் என்று அவன். இரண்டு வீட்டுப் பெண்களும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கெஞ்சிப் பார்த்தார்கள். யார் கேட்டது?

கடைசியில் பழைய இரும்புக்காரர் கேஸ் கட்டரோடு வந்தார். சுடரை லேத்தின் இரும்புத் தளத்தின் மேல் பிடித்ததும் முதலில் புகைந்தது எண்ணெய்தான், ஒருவருக்காக ஒருவர் மாறி மாறிப் பூசி வைத்திருந்த எண்ணெய். பெரியவருக்குக் கண் எரிந்தது. கல்யாணத்துக்கு வாடா என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது.

"எப்படிங்க வெட்டணும்?" என்று கேட்டார் இரும்புக்காரர்.

"சரிபாதியா," என்றார்கள் அண்ணனும் தம்பியும், ஒரே குரலில்.