சருகுக்குக் கீழே

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து குளிரங்கியை மாட்டிக்கொண்டிருந்தபோது லூசி எனக்கு ஒரு செம்மஞ்சள் மேற்சட்டையைத் தந்தாள். நவம்பரில் காட்டுக்குள் போகிறவர்கள் இதைப் போட வேண்டுமாம். வேட்டைக்காரர்கள் மான் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாதே. எங்கள் ஊரில் காட்டுக்குள் போனவர்கள் எவர் கண்ணிலும் படாமல் போகத்தான் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதை அவளுக்கு விளங்கப்படுத்தும் அளவுக்கு என்னிடம் பிரெஞ்சு இல்லை.

மொன்றியலில் வில்லரே என்ற பகுதியில் ஒரு கார்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், அவள் சமையல், நான் உதவி. ஆறு வருடங்களில் வேலைக்கு வெளியே நாங்கள் எங்கேயும் சேர்ந்து போனதில்லை. அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறாள். அதற்கு முதல், தகப்பன் தனக்கு விட்டுப்போன மலையை எனக்குக் காட்ட வேண்டும் என்றாள்.

ஞாயிறு காலை வடக்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனோம். மேப்பிள் மரங்கள் இலையெல்லாம் கொட்டி வெறும் கம்புகளாய் நின்றன. கொஞ்சத் தூரம் ஒரு வண்டித்தடம் இருந்தது. அது முடிந்த இடத்தில் லூசி நிற்காமல் மரங்களுக்குள் ஏறினாள்.

"பாதை எங்கே?" என்று கேட்டேன்.

"பாதை எதற்கு? மேலேதானே போகிறோம்!"

என் கால் நின்றுவிட்டது. கணுக்கால் மூடச் சருகு. கீழே என்ன இருக்கிறதென்று தெரியாத நிலம்.

சண்டை முடிந்து முகாமிலிருந்து கிளிநொச்சிப் பக்கம் எங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது, பின்வளவைச் சுற்றி நாடா கட்டி, மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை நட்டிருந்தார்கள். கிணற்றடிக்கும் ஒழுங்கைக்கும் மட்டும் போகலாம். பசுவைத் தேடி நாலடி விலகிப்போன பக்கத்து வீட்டு அண்ணை ஒரு காலை இழந்தார். மூன்று வருடம் அப்படி இருந்துவிட்டு, கலியாணம் முடித்து மொன்றியலுக்கு வந்தேன். இங்கேயும் பூங்காவில் நான் புல்லுக்குள் இறங்குவதில்லை. மகள் கேலி செய்வாள்.

"கரடிக்குப் பயமா?" என்று மேலிருந்து லூசி கத்தினாள்.

"கரடி இல்லை. மின்," என்றேன். கண்ணிவெடிக்கு எனக்குத் தெரிந்த பிரெஞ்சுச் சொல் அதுதான். சுரங்கத்துக்கும் அவர்களுக்கு அதே சொல்.

"இந்த மலையில் சுரங்கமா? வெறும் கல்தான்!" சிரித்தபடியே திரும்பியவள் சறுக்கி, ஒரு பாறைக்குப் பின்னால் விழுந்து மறைந்தாள்.

கூப்பிட்டேன். பதிலில்லை. பிறகு ஒரு முனகல் கேட்டது.

முதல் அடி வைத்தபோது கண்ணை மூடியிருந்தேன். சருகு நொறுங்கியது, ஈரமண் அமுங்கியது. வேறொன்றும் நடக்கவில்லை. இரண்டாவது அடி. அதன்பிறகு எண்ணவில்லை, ஓடினேன்.

மூச்சடைத்துப்போய் மல்லாந்து கிடந்தாள். உள்ளங்கை உரசி இரத்தம் கசிந்ததைத் தவிர வேறு காயமில்லை. எழுந்து உட்கார்ந்ததும், "விழுந்தது நான். நீ ஏன் நடுங்குகிறாய்?" என்று கேட்டாள். கையால் நிலத்தை அழுத்திக் காட்டி, விரல்களை மேலே விரித்தேன். பிறகு என் காலைத் தொட்டுக் காட்டினேன். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. என் சப்பாத்தைச் சுற்றியிருந்த சருகையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"திரும்பிப் போவோமா?"

"இல்லை, மேலே போவம்." அவசரத்தில் தமிழில் சொல்லிவிட்டேன். அவள் என் தோளைப் பிடித்து எழுந்தாள்.

உச்சியில் மொட்டைப் பாறை. கீழே ஒரு ஏரி, அதற்கப்பால் சாம்பல் நிறக் காடு. பிளாஸ்கிலிருந்த தேநீரைக் குடித்தபடி, போன மாதம் தம்பி அனுப்பிய படத்தைக் கைபேசியில் அவளுக்குக் காட்டினேன். வெடிகளை அகற்றி முடித்த பின்வளவில் அவன் கச்சான் கடலை போட்டிருக்கிறான். முளைத்த வரிசைகளுக்கு நடுவே வெறுங்காலோடு நிற்கிறான். "அக்கா, இப்ப நீங்களும் வந்து நடக்கலாம்," என்று கீழே எழுதியிருந்தான்.

"யாருடைய நிலம்?" என்றாள் லூசி.

"எங்களுடையது."

"எப்போது போகிறாய்?"

மகளின் பள்ளிக்கூடம், என் வேலை என்று சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். அப்போது அந்த வருடத்தின் முதல் பனி தூறத் தொடங்கியது. தம்பியின் கச்சான் வரிசைகளின் மேல் இரண்டு மூன்று துகள்கள் வந்து விழுந்தன. விரலால் துடைத்தேன். மறுபடியும் விழுந்தன.