மலர்க்கொடி ஆசிட்டுக்கு வரன் பார்த்த கதை

மலர்க்கொடியிடம் யாரும் தங்கள் வீட்டு மாப்பிள்ளையைப் பற்றிச் சும்மா பெருமை பேசிவிட முடியாது. புக்கிட் ரம்பாய் பக்கம் எந்தக் கல்யாணப் பேச்சு எழுந்தாலும், பெண் வீட்டுக்காரர்கள் முதலில் அவளைத்தான் தேடி வருவார்கள். சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நிற்பது அவள் வழக்கம். அதுவும் புதன்கிழமை மத்தியானம். ஞாயிற்றுக்கிழமை போனால் கூட்டிப் பெருக்கி, திரைச்சீலை மாற்றி ஏமாற்றிவிடுவார்களாம். கையில் ஒரு பை ஆரஞ்சு, "இந்தப் பக்கம் வந்தேன், பசியாறிட்டுப் போலாம்னு" என்று ஒரு சிரிப்பு. பாத்ரூம் போகிற சாக்கில் கொல்லைப்புறம் வரை அலசிவிட்டு வந்துவிடுவாள். இதுவரை ஆறு கல்யாணங்களை முடித்து வைத்திருக்கிறாள், பதினொன்றைக் கெடுத்திருக்கிறாள். கெடுத்ததில்தான் அவளுக்குப் பெருமை அதிகம்.

பிறந்தது லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டத்தில். இருபத்திரண்டு வருஷமாக சாமிநாதன் முதலாளியின் பட்டறையில் ஸ்டோர் கிராணி, சாமான் கணக்கு எழுதுகிற வேலை. மோட்டர் சாமான்களுக்கு முலாம் பூசுகிற பட்டறை அது. முலாம் பூசப் பயன்பட்ட பழைய ஆசிட் பின்கட்டில் நீல டிரம்களில் சேரும்; ஊர்ப் பேச்சில் அதற்குத் தோங் என்று பெயர். அதை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, லைசன்ஸ் உள்ளவனிடம்தான் ஒப்படைக்க வேண்டும். தப்பான ஆளிடம் கொடுத்து அவன் ஆற்றில் ஊற்றினால், கொடுத்தவனும் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டும். இதற்கெல்லாம் ஒரு பயிற்சி நடந்தது. முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்து குறட்டை விட்டார். மலர்க்கொடி பரீட்சை எழுதிப் பாஸானாள். அன்று பிடித்தது சனி, ஆசிட் வெளியே போக அவள் கையெழுத்துத்தான் வேண்டும் என்றாகிவிட்டது.

வழக்கமாக ஏற்றிப் போகிற கம்பெனி திடீரென்று மூடிவிட்டது. பின்கட்டில் முப்பத்தெட்டு டிரம், கெடுவுக்கு மிச்சம் ஒன்பது நாள். அந்தச் செவ்வாய்க்கிழமை கழிவு ஏற்றுகிற காந்தன் வந்து இறங்கினான், தங்கச் சங்கிலியும் வாசனையுமாக.

"முதலாளி, நான் இருக்கேன்லா! நாளைக்கே லோரி அனுப்புறேன்."

வேறு யாராவது வந்திருந்தால் மலர்க்கொடி ஒரு வழி பண்ணியிருப்பாள். ஆனால் இந்தக் காந்தன், அவள் மகள் ஷாந்தினிக்குப் பார்த்திருக்கும் தர்ஷனின் தாய்மாமன். பிள்ளைகள் இரண்டும் ஒன்றையொன்று விரும்பிவிட்டன. அடுத்த மாதம் நிச்சயம். தாய்மாமன் சபையில் முகத்தைத் திருப்பிக்கொண்டால் தட்டு மாறாது. அவள் பேனாவைத் திறந்தேவிட்டாள், சத்தியமாக!

பாழாய்ப்போன பழக்கம் விடவில்லை. அவன் நீட்டிய லைசன்ஸைக் கண்ணாடி போட்டுப் படித்தாள். முத்திரை அசல், தேதியும் சரி. ஆனால் உள்ளே எழுதியிருந்தது வண்டிகளின் கழிவு எண்ணெய் மட்டும்.

"தம்பி, இதுல ஆசிட்டயே காணோமே?"

"எல்லாம் தோங்ல இருக்குற கழிவுதானே லா அக்கா. சம்பந்தி ஆகப்போறோம், என்கிட்டயே லைசன்ஸ் பாக்குறீங்களா?"

"நாளைக்குச் சொல்றேன்" என்று பேனாவை மூடினாள். மறுநாள் புதன்.

லைசன்ஸில் இருந்த விலாசம் தங்கா பத்துவில் ஒரு தகரக் கொட்டகை. ஆரஞ்சுப் பையோடு போய் நின்றாள். யாரும் தடுக்கவில்லை. நல்லமுத்து என்ற ஒருவர் ஜப்பான் சிலிப்பரோடு நின்று நீல டிரம்களை ரப்பர் குழாயால் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய தண்ணீர் நுரைத்துக்கொண்டு கால்வாயில் இறங்கியது. உரித்த அபாய ஸ்டிக்கர்கள் காலடியில் கிடந்தன.

"தோங் வேணுமாக்கா? மழைத்தண்ணி புடிச்சு வைக்கலாம், முப்பது வெள்ளிதான்" என்றார் அவர்.

ஆரஞ்சைக் கொடுக்காமலே திரும்பினாள்.

சுற்றுச்சூழல் இலாகாவின் பட்டியலைப் பார்த்து அன்றைக்கே இன்னொரு கம்பெனிக்குப் போனாள். அங்கே வாசலிலேயே மடக்கிவிட்டார்கள். காவலுக்கு இருந்த பெரியநாயகி, பழத்தையும் சிரிப்பையும் கண்டுகொள்ளவே இல்லை.

"அப்பாயின்மென்ட் இருக்கா? ஐசி கார்டு குடுங்க. இந்தச் செருப்போட உள்ள விட முடியாது."

"பாத்ரூம் மட்டும் போய்ட்டு வந்துடறேன்மா."

"அது வெளிய இருக்கு. அதோ!"

கடைசியில் யாரோ அதிகாரி வந்து பூட்ஸ், தொப்பி, கண்ணாடி எல்லாம் மாட்டி உள்ளே கூட்டிப் போனார். எந்த ஆசிட், எத்தனை நாளாச்சு, எதோடு கலந்தது என்று அவளையே குடைந்து எடுத்தார். "மொதல்ல சாம்பிள் அனுப்புங்க. பாக்காம நாங்க வாக்குக் குடுக்க மாட்டோம்" என்றாரே பார்க்கலாம்! மலர்க்கொடிக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. பெண்ணைப் பெற்றவளையே விசாரிக்கிற இப்படியொரு குடும்பத்தை அவள் பார்த்ததே இல்லை. அவர்கள் லைசன்ஸில் ஆசிட்டும் இருந்தது, அதைச் சுத்திகரிக்கிற அனுமதியும் இருந்தது.

வியாழக்கிழமை காந்தனிடம் முடியாது என்றாள்.

"நிச்சயம் எப்படி நடக்குதுன்னு நானும் பாக்குறேன்" என்றான் அவன்.

ஷாந்தினி அழுதாள். "ஒனக்கு ஆசிட்டும் மாப்பிள்ளையும் ஒன்னாம்மா?"

மலர்க்கொடிக்கு ஊரார் கல்யாணத்தைக் கெடுத்தபோது இனித்தது, சொந்த மகளுடையது என்றதும் கசந்தது. கையெழுத்துப் போட்டுத் தொலைத்திருக்கலாமோ என்றுகூட நினைத்தாள்.

சனிக்கிழமை காலையில் தர்ஷனின் அம்மா உஷாராணி போன் பண்ணினாள். குரலில் அனல்.

"என் தம்பிய அவமானப்படுத்துனீங்களாமே? ஒரு கையெழுத்துக்காகப் புள்ளைங்க வாழ்க்கையக் கெடுப்பீங்களா?"

மலர்க்கொடி மறைக்கவில்லை. கொட்டகை, குழாய், ஸ்டிக்கர், முப்பது வெள்ளி, எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீலக் கலர் தோங்கா?" என்றாள் உஷாராணி மெதுவாக.

"நீலந்தான்."

"அடப்பாவி! தண்ணி வராம கட்டான சமயத்துல ரெண்டு கொண்டாந்து எறக்கினானே! தர்ஷன் அப்பா தெனம் அதுலதான் குளிக்கிறாரு. முதுகு சொறியுது சொறியுதுன்னு அஞ்சு டாக்டர் பாத்தாச்சு!"

சாம்பிள் பார்த்து அந்தக் கம்பெனி ஒப்புக்கொள்ள, அடுத்த புதன்கிழமை சரியான லோரி வந்தது. முப்பத்தெட்டு டிரம்மும் மலர்க்கொடி கையெழுத்தோடு போய்ச் சேர்ந்தன. அதே வாரம் இலாகா அந்தத் தகரக் கொட்டகைக்குச் சீல் வைத்தது. புகார் கொடுத்தது மலர்க்கொடிதான் என்று ஊரே பேசிக்கொண்டது. கொடுத்தவள் உஷாராணி.

நிச்சயத்தன்று சபை நிறைந்திருந்தது. அக்கா உஷாராணி முறைத்த முறைப்பில் தாய்மாமன் காந்தன் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தான். தட்டு மாற்றுவதற்கு முன் ஐயர், "யாருக்காச்சும் ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டார். காந்தன் தொண்டையைச் செருமினான். பக்கத்தில் இருந்த தர்ஷனின் அப்பா, சட்டைக்குள் கைவிட்டு முதுகைப் பறட்டுப் பறட்டென்று சொறிந்தார்.

"ஒன்னுமில்ல சாமி, தட்ட மாத்துங்க" என்றான் காந்தன்.