நீலக் கதவு வீடு

கொழும்பில் கட்டடக்கலை படித்த காலத்தில், திருகோணமலைத் துறைமுகத்தில் எழும்பிக்கொண்டிருந்த தானியக் கோபுரத்தைப் படம் பிடிக்கப் போனேன். உச்சித் தட்டில் கம்பி கட்டிக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து என் கண்ணை எடுக்க முடியவில்லை. மெலிந்த மனிதர், நரைத்த மீசை. ஓரிடத்தில் நிற்கமாட்டார். ஆனால் எங்கே நகர்ந்தாலும் அக்கரையைப் பார்க்கமாட்டார். அந்தப் பக்கத்தில் வேலையிருந்தால் பின்புறமாகவே நடந்துபோவார். நான் படியேறி அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"தம்பி, உங்கட கமராவில தூரம் கிட்டத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"ஓம், கொஞ்சம் தெரியும்."

"அக்கரையில நீலக் கதவு வீடு இருக்கு. வெளியில ஆரும் நிக்கினமோ?"

கமராவில் பார்த்தேன். "ஒரு பொம்பிளை கொடியில உடுப்புக் காயப்போடுறா."

அவர் கையிலிருந்த குறடு நின்றது.

"என்ட மகள். எங்களைக் கேக்காமல் கலியாணம் முடிச்சவள். அவள்ட முகத்தில முழிக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். பிள்ளை உடுப்பும் காயுதோ?"

"இவ்வளவு தூரத்தில சொல்ல ஏலாது. நீங்களே பாருங்கோ."

கமராவை நீட்டினேன். அவர் திரும்பவில்லை.

"படம் எடுங்கோ. படத்தில பாத்தால் முழிச்சதாகாது."

எடுத்தேன். படத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த மாதம் போனபோது கம்பி வேலை முடிந்து அவர் போய்விட்டிருந்தார். எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

கோபுரத்தின் படங்களை எங்கோ தொலைத்துவிட்டேன். இதை மட்டும் இன்னமும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். மகளின் முகம் தெரியவில்லை. கொடியில் சில வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றன. அவர் வந்து கேட்டால் என்ன சொல்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.