பெரிய வெள்ளியன்று போடாத மாத்திரை

சகோதர சகோதரிகளே, முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். என் கையெழுத்து மோசம். ஐந்தாவது வரைதான் படித்தேன். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்று இன்றைக்கும் தெரியாது. நம் தெரு அன்பிய ஜெபக் கூட்டத்தில், நடந்ததைச் சாட்சியாக வாயால் சொல்லச் சொன்னீர்கள். நாலு பேர் பார்த்தாலே எனக்கு வேர்த்துவிடும். எழுதித் தருகிறேன், யாராவது வாசியுங்கள்.

என் மனைவி ஸ்டெல்லாவை உங்களுக்குத் தெரியும். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறாள். அவளுடைய வியாதி உங்களுக்குத் தெரியாது. சிறுநீரகத்தின் மேல் ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறதாம். அவளுக்கு அது வேலை செய்வதை நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாகத் தினமும் ஸ்டீராய்டு மாத்திரை. ஒரு வேளைகூட விடக் கூடாது, காய்ச்சல் வந்தால் இரண்டு மடங்கு போட வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். சாப்பிட்ட பிறகு போடு என்றும் சொன்னார். அவள் இந்தக் கடைசி வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

வியாதியை வெளியே சொல்லக் கூடாது என்று அவள் அக்கா பிலோமினா கட்டளை போட்டிருந்தாள். பிலோமினாவின் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். சீக்குக் குடும்பம் என்று பெயர் வந்துவிடுமாம்.

புனித வாரத்தில், மீன் கழுவும்போது ஸ்டெல்லாவின் கையில் கெளுத்தி முள் ஏறியது. கை வீங்கிக் காய்ச்சல் வந்துவிட்டது. பெரிய வியாழன் ராத்திரியே சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் கெஞ்சினேன்.

"மாத்திரையப் போடு ஸ்டெல்லா."

"சாப்ட்டுத்தானே போடணும்? இன்னிக்கு ஒருசந்தி. சாப்பாடே கெடையாது, அப்பறம் எப்பிடி மாத்திரை?"

"ஒரு டம்ளர் பாலாவது குடி."

"பெரிய வெள்ளிக்குப் பாலா? நீ இன்னா கிறிஸ்துவன்யா?"

மாத்திரையைத் திரும்ப டப்பாவிலேயே போட்டேன்.

மதியம் கோவிலில் சிலுவையை முத்தமிட வரிசையில் நின்றோம். பீடத்துக்குக் கிட்டே போனதும் சுருண்டு விழுந்துவிட்டாள். உடம்பெல்லாம் சில்லிட்டிருந்தது. பக்கத்தில் ஒரு அம்மா, "சிலுவை கிட்ட விழுந்தாளே, குடுத்து வச்சவ" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் வாயைத் திறக்கவில்லை. நான் எப்போது திறந்திருக்கிறேன்?

பிலோமினாவும் நானும் ஆட்டோ பிடித்தோம். மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட ரோடு. ஆட்டோக்காரன் சுற்றிச் சுற்றிப் போனான். ஒருவழியாக ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். சலைன் ஏறியது, பிரஷர் ஏறவில்லை. ஒரு இளம் டாக்டரம்மா ஓடி வந்து கேட்டார்.

"ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா?"

பிலோமினா முந்திக்கொண்டாள். "மாத்திரையா? எங்க வூட்டுப் பொண்ணுங்களுக்கு அதெல்லாம் கெடையாது டாக்டர். வெறும் பட்டினி. வெயிலு."

"இல்ல..." என்றேன். அது எனக்கே கேட்கவில்லை.

"நீ சும்மா இரு நைனா" என்றாள்.

டாக்டரம்மா திரும்பி நடந்தார். ஸ்டெல்லாவின் உதடு வெளுத்துப்போயிருந்தது. சுவரில் சாய்ந்து ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. சண்டை போட்டேன். "ஆண்டவரே, ஒன்று இந்தப் பிலோமினாவின் வாயை மூடு. இல்லையென்றால் என் வாயைத் திற. இரண்டில் ஒன்றை இப்போதே செய்."

பிலோமினா பேசிக்கொண்டேதான் இருந்தாள்.

ஆனால் என் வாய் திறந்தது. "அம்மா! அவளுக்கு ஸ்டீராய்டு மாத்திரை! நேத்திலருந்து போடல! கையில கெளுத்தி முள்ளு, காச்சல்!" வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அது என் குரல் என்று நானே நம்பவில்லை.

டாக்டரம்மா ஓடி வந்தார். உடனே நரம்பில் ஊசி போட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரஷர் ஏறியது. அரைமணி நேரம் இருக்கும், ஸ்டெல்லா கண்ணைத் திறந்தாள்.

"யோவ், இன்னாத்துக்குக் கத்துற? கோவில்ல கீறோம்" என்றாள்.

நான் அழுதேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

பிறகு விளக்கிச் சொன்னார். அடிபட்டாலும், முள் குத்தினாலும், காய்ச்சல் வந்தாலும் அந்தச் சுரப்பிதான் முதலில் ஓடி வருமாம். பிரஷர் விழாமல் தாங்கும். வீக்கம் எல்லை மீறாமல் அடக்கும். நமக்குத் தெரியாமலே இதெல்லாம் உள்ளே நடக்கிறது. அவளுக்கு அந்த வேலையை மாத்திரைதான் செய்கிறது. உடம்புக்கு அது அதிகம் தேவைப்பட்ட நாளில் அதையே இவள் நிறுத்தியிருக்கிறாள்.

ஃபாதரிடம் கேட்டேன். மருந்தால் ஒருசந்தி முறியாது, நோயாளிக்கு ஒருசந்தியே கட்டாயமில்லை என்றார். இதை முன்னாடியே கேட்டிருக்கலாம். யார் கேட்டோம்?

இப்போது ஸ்டெல்லா ஒரு வேளையும் விடுவதில்லை. காய்ச்சல் என்றால் டாக்டர் சொன்னபடி கூட்டிப் போடுகிறாள். எந்த மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிலோமினா பயந்தாளோ, அவர்களே சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஸ்டெல்லாவைப் பார்க்க வந்தார்கள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. இதற்கா அவ்வளவு மறைத்தோம்!

அந்தச் சுரப்பியைப் படைத்தவர் ஆண்டவர். அது வற்றிப்போனவளுக்கு மாத்திரையைக் கொடுத்தவரும் அவர்தான். அவருக்கு நன்றி. உங்கள் வீட்டிலும் வியாதி இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். மருந்தை நிறுத்தி அவருக்குக் காணிக்கை வைக்காதீர்கள், அவர் அதைக் கேட்கவில்லை. ஜெபிக்கத் தெரியவில்லையா? கோபமாகவே பேசுங்கள். என்னிடம் அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

எழுது எழுது என்று ஸ்டெல்லா தினமும் பிடுங்கியதில், மாதா பிறந்த நாளான இன்று எழுதி முடித்தேன்.

செப்டம்பர் 8, திங்கட்கிழமை.