வணங்காத பிரபு மரியமலர்

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் மரியமலரைத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டியவராக இருப்பார்.

யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்து, பாரிசில் ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கியவள். பேர் நீளமென்று அங்கே மேற்பார்வையாளர் 'மரி' என்று கூப்பிடுவாராம். இவள் திரும்பியே பார்க்கமாட்டாள். முழுப் பேரும் வாயில் வந்த பிறகுதான் "ஓம்" என்பாள். லண்டனுக்கு வந்து தையல்கடை போட்டபோது, ஒரு வருசம் தாங்காது என்றார்கள் எங்கள் ஆட்கள். இன்றைக்கு அவர்கள்தான் கால்சட்டையைக் கட்டையாக்க அவளிடம் போய் நிற்கிறார்கள்.

போன வருசம் அந்தோனியார் திருநாளுக்குக் கூத்துப் போடுவதென்று முடிவானது. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் புதிதாக ஒரு கதை கட்டியிருந்தார். ரெனோ என்றொரு பிரெஞ்சுப் பிரபு. கோட்டை போய், குதிரை விழுந்து, காயத்தோடு எதிரி அரசன் முன்னால் நிற்கும்போதும் வாளைக் கொடுக்கமாட்டான். அந்த வேசம் தனக்கு வேண்டும் என்றாள் மரியமலர்.

"பிரபு வேசம் பொம்பிளையளுக்குச் சரிவராது. நீ உடுப்பைத் தை, பிள்ளை," என்றார் சூசைதாசன். பிற்பாட்டுக்காரருக்குத் தலைவர் அவர். அந்த வேசத்தில் அவருக்கும் ஒரு கண்.

"உடுப்பும் நான்தான் தைப்பன். அதுக்குள்ள நிக்கப்போறதும் நான்தான்."

அண்ணாவியார் யாரையும் பகைக்க விரும்பாதவர். "பாடிக் காட்டு. பிற்பாட்டு எடுத்தினமெண்டால் வேசம் உனக்கு," என்றுவிட்டார். கூத்தில் பிரபு ஒரு வரி பாடினால் பிற்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் பாடவேண்டும். அதன் பிறகுதான் அடுத்த வரி. சூசைதாசன் தன் ஆட்களை ஒரு பார்வை பார்த்தார். எல்லா வாயும் பூட்டிக்கொண்டது. மற்ற வேசங்களின் உடுப்புக்குச் சரிகை தைத்துக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மரியமலர் ஒத்திகை மண்டபத்தின் நடுவில் போய் நின்றாள்.

"வாளும் கொடேன், தலை வணங்கேன்..."

மத்தளம் மட்டும் அடித்தது. திரும்பவும் அதே வரி, இன்னும் உரத்து. திரும்பவும். தேத்தண்ணி ஆறிப்போனது. மண்டபத்தைப் பூட்ட வந்தவர் திறப்புக் கொத்தோடு வாசலில் நின்றார். அவள் அடுத்த வரிக்குப் போகவுமில்லை, நிறுத்தவுமில்லை. குரல் கரகரக்கத் தொடங்கியபோது, இனித் தாங்கமாட்டாள் என்று பயந்துபோனேன்.

கடைசியில் அவளுடைய சுருதி கொஞ்சம் விலகியது. சூசைதாசனால் அதை மட்டும் பொறுக்க முடியவில்லை. இளவயதிலிருந்து பிற்பாட்டுப் பாடிய வாய் அல்லவா? தானாகவே திறந்தது.

"வாளும் கொடேன், தலை வணங்கேன்!"

பின்னால் அத்தனை பேரும் எடுத்தார்கள். பாடி முடித்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. அந்த முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்!

மரியமலர் சிரிக்கவில்லை. இடுப்பில் கையை வைத்தாள்.

"அண்ணை, இப்ப ரெண்டாவது வரிக்குப் போவமோ?"