‘நான் வராத நாள்’ என்ற பக்கம்

சதுரங்கப்பட்டினத்தில் அப்துல் மாலிக் பாயின் சலவைக்கூடத்துக்குப் பெரிய பெயர்ப்பலகை உண்டு. ஆனால் கடற்கரை விடுதிக்காரர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. ‘ஷஹர்பானு லாண்டரி’ என்றுதான் சொல்வார்கள். கேட்டால் பாயும் சிரிப்பார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எந்த முதலாளி அதைக் கேட்டுச் சிரிப்பான்?

ஷஹர்பானு அக்கா அங்கே பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தாள். நான் அவளுக்குக் கீழே துண்டு மடிக்கிறவள். படுக்கை விரிப்பின் மூலையில் சிவப்பு நூல் என்றால் ஒரு விடுதி, பச்சை என்றால் இன்னொன்று. அந்த அடையாளமெல்லாம் அவள் வைத்ததுதான். காலையில் வந்ததும் போர்வெல் தண்ணீரில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்ப்பாள். கடலோரத் தண்ணீர் நாளுக்கு நாள் மாறும். கரித்தால் கடைசி அலசலுக்கு லாரித் தண்ணீர் வரவழைக்க வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்த துணி அட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும்.

நின்று நின்றே அவள் முட்டி தேய்ந்துபோயிருந்தது. அதனால்தான் பாய் சொன்னதில் அவள் அப்படி மயங்கிப்போனாள்.

“கடப்பாக்கத்துல புது யூனிட்டு போடறேன் தங்கச்சி. நீதான் மேனேஜரு. உக்காந்த எடத்துல வேலை. அதுக்கு முன்னாடி உன் மண்டையில கீற வேலையெல்லாம் ஒரு நோட்டுல எழுதிக் குடுத்துடு. இங்க கீறவங்க தடுமாறக் கூடாதுல்ல?”

எட்டாவது வரை படித்தவள், மூன்று மாதம் எழுதினாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், இஸ்திரி மேசை மூலையில், ஒரு வேலைக்கு ஒரு பக்கம். “மெதுவா மடிடி, எழுதிகினு கீறேன்ல” என்று என் உயிரை வாங்கினாள். மஞ்சள் கறையை எத்தனை மணி வெயிலில் போடுவது என்பதிலிருந்து, எந்த விடுதி வாட்ச்மேனிடம் எப்படிப் பேசினால் கேட்டைத் திறப்பான் என்பது வரை எழுதினாள். நாக்கில் வைக்கும் சங்கதியும் அதில் இருந்தது.

கடைசிப் பக்கம் பாய் கேட்டு எழுதியது. தலைப்பு: ‘நான் வராத நாள்’. அன்றைக்கு எந்த வேலையை யார் பார்ப்பது என்ற விவரம். அதில் ஏழு இடத்தில் என் பெயர்.

எழுதியது சரியா என்று பார்த்துவிடலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை, தங்கை மகள் ஹனியாவின் நிக்காஹுக்கு லீவு போட்டாள். நாங்கள் நோட்டைப் பார்த்துப் பார்த்துச் செய்தோம். எல்லா வண்டியும் நேரத்துக்குக் கிளம்பியது. சாயங்காலம் பாய் என்னைக் கூப்பிட்டார்.

“இனிமே நீ பாத்துக்குவியா?”

‘இனிமே’ என்றது என் காதில் விழத்தான் செய்தது.

“பாத்துக்கறேன் பாய்.”

இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. மறுநாள் அவள் கல்யாண வீட்டு லட்டோடு வந்தாள். “நான் இல்லாமயே நடந்துச்சாமே!” என்று ஒவ்வொருத்தர் கையிலும் லட்டைத் திணித்தாள். என் கையில் இரண்டு.

திங்கட்கிழமை பாய் அவளை உள்ளே அழைத்து டீ வரவழைத்தார். பக்கத்தில் அவர் மருமகன் ரயான் உட்கார்ந்திருந்தான். பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான். எல்லாம் கேட்டது. கடப்பாக்கத்திலும் இங்கேயும் இனி ரயான்தான் மேனேஜர்.

“அப்ப நான் இங்கயே நின்னுக்கறேண்ணே.”

“முட்டி வலியோட எதுக்குக் கஷ்டப்படற? வூட்ல ரெஸ்ட் எடு தங்கச்சி. நீ இல்லாமயும் நடக்கும்னு நீயேதான எழுதிக் குடுத்துகீற? பாரு.”

அவள் எழுதிய பக்கத்தை அவளுக்கே திருப்பிக் காட்டினார். அக்கா வெளியே வந்து டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வாய்க்கு வாய் தங்கச்சி என்றவர் செய்த துரோகம் இது. ஆனால் மறுநாள் நான் போய் நின்றது அவள் இடத்தில்தான்.

ரயான் அந்த நோட்டை அச்சடித்து ஃபைல் போட்டான். அட்டையில் ‘தயாரிப்பு: ரயான்’. அதில் இல்லாத எதையும் செய்யக் கூடாது என்று உத்தரவு.

சித்திரையில் விரிப்பெல்லாம் விறைத்தது. மூன்று விடுதிகள் மூட்டையைத் திருப்பி அனுப்பின. தண்ணீர் கரிக்கிறது என்றேன். ஃபைலில் எங்கே இருக்கிறது என்றான் ரயான். பாய் பதறிப்போய், “ஷஹர்பானுவையே கேளு” என்று என்னிடம் போனை நீட்டினார். ஸ்பீக்கரில் போட்டேன்.

“இன்னாத்துக்கு எனக்குப் போன் பண்ற? எழுதித்தான வெச்சிகீறேன். பதினொண்ணாம் பக்கத்தப் பாரு.”

“அந்த வரி இல்லக்கா. தண்ணிய நக்கிப் பாக்கறது அசிங்கமா கீதுன்னு ரயான் எடுத்துட்டாரு.”

“அப்ப எடுத்தவரையே நக்கிப் பாக்கச் சொல்லு.”

ரயான் எழுந்து வெளியே போனான். பாய் சுவரைப் பார்த்தார். நான் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“அக்கா, அந்தக் கடைசிப் பக்கத்துல நீ என் பேர எழுதாம இருந்திருக்கலாம்.”

“வேற யார் பேரடி எழுதுவேன்?” என்றாள். “உன்னத்தான நம்புனேன்.”