செங்கல்பட்டு டு மாமல்லபுரம், ஹெல்மெட்டோடு

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்து மூன்று வயதில், டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டில், தலையில் ஹெல்மெட்டை மாட்டி, கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டு, செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை போனவன் நான். வண்டி வீட்டில் நின்றது. ஹெல்மெட்கூட என்னுடையது இல்லை, மேல்வீட்டுக்காரருடையது. என்னுடையதை மாட்டினால் மனைவிக்கு அடையாளம் தெரிந்துவிடும் என்று வெகுவாக யோசித்து எடுத்த முடிவு. ஏனென்றால், நான் பின்தொடர்ந்து போனதே என் மனைவியைத்தான்.

சந்தேகமா என்று கேட்காதீர்கள். சந்தேகமாக இருந்திருந்தால்கூட கொஞ்சம் கௌரவம் மிஞ்சியிருக்கும். எனக்கு இருந்தது பொறாமை.

என் மனைவி வனஜா கணக்கு டீச்சர். மூன்று வருடமாக, மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு துணிப்பையோடு கிளம்பிவிடுவாள். எங்கே என்றால் பீச்சுக்கு. யாரோடு என்றால் தேவகி, ரெஜினா. தேவகி கல்பாக்கம் குடியிருப்பில் இருப்பவர், வனஜாவோடு வேலை பார்த்தவர். ரெஜினா திருக்கழுக்குன்றத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். சாயங்காலம் ஆறரைக்குத் திரும்பி வருவாள். செருப்பில் மணல், மூக்கு நுனியில் கறுப்பு, முகத்தில் ஒரு மினுமினுப்பு. அந்த மினுமினுப்புதான் என் வயிற்றெரிச்சல். ஞாயிறு மத்தியானம் வரை அது தங்கும். திங்கட்கிழமை நாலே முக்காலுக்கு அலாரம் அடிக்கும்போது காணாமல் போயிருக்கும்.

இருபத்தாறு வருடத்தில் இவளை ஊட்டிக்கு, கொடைக்கானலுக்கு, மூணாறுக்கு என்று நானும்தான் கூட்டிப் போயிருக்கிறேன். ஊட்டி ஏரியில் எடுத்த போட்டோவில் பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசையில் நிற்பவள் மாதிரி இருக்கிறாள். அவ்வளவு செலவழித்த எனக்கு வராத முகம், பத்து பைசா பெறாத மணலுக்கு வருகிறது. அவள் கடற்கரையில் காற்று வாங்க, நான் அதே சனிக்கிழமை ரேஷன் கடையில் விரல் வைத்துக்கொண்டு நிற்பேன். (மற்ற நாட்களில் வீட்டு வேலையை யார் பார்க்கிறார்கள் என்று கமென்டில் கேட்காதீர்கள். விடை எனக்கும் தெரியும்.)

ஆகவே போன பிப்ரவரி முதல் சனிக்கிழமை, அவள் தெருமுனை திரும்பியதும் நானும் இறங்கிவிட்டேன்.

இனி பயண விவரம். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் 7.20க்குத் திருக்கழுக்குன்றம் டவுன் பஸ். 14 கிலோமீட்டர், நாற்பது நிமிடம். பெண்களுக்கு இலவசம், எனக்குப் பதிமூன்று ரூபாய். அதிலும் பொறாமைதான். வனஜா முன்னால் ஜன்னல் சீட்டில் கட்டணமில்லாச் சீட்டைப் புத்தக அடையாளம் மாதிரி மடித்து வைத்துக்கொண்டு மகாராணியாக உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் என்னிடம் வந்து ஹெல்மெட்டை விரலால் தட்டினார்.

"இன்னாண்ணாத்த, வண்டிய எங்க வுட்ட?"

"ரிப்பேரு."

"மண்டைக்கும் ரிப்பேரா? கழட்டு, காத்து வரும்."

பஸ்ஸே சிரித்தது. வனஜாவும், என்ன ஏது என்று திரும்பிப் பார்க்காமலேயே சிரித்தாள். நான் சொல்லி அவள் சிரித்து ஆறேழு மாதம் இருக்கும். கண்டக்டர் ஒரே வாக்கியத்தில் சாதித்துவிட்டார். அவர் மேலும் பொறாமை வந்தது.

மேல்வீட்டுக்காரரின் ஹெல்மெட் கண்ணாடி முழுக்கக் கீறல். ஆகையால் வழியிலுள்ள ஏரி, வயல், வேதகிரி மலை பற்றிய வர்ணனை எதுவும் இந்தப் பதிவில் கிடையாது.

திருக்கழுக்குன்றத்தில் ரெஜினா சேர்ந்துகொண்டார். அங்கே முப்பத்தைந்து நிமிடம் நின்றோம், அவர்கள் டீக்கடை பெஞ்சில், நான் மூத்திரச் சந்துக்குப் பக்கத்தில். காலியாக வந்த இரண்டு பஸ்களை அவர்கள் கண்டுகொள்ளவே இல்லை. அவை டிக்கெட் வாங்க வேண்டிய பஸ்கள். மூன்றாவதாக வந்த இலவச பஸ்ஸில் ஏறினார்கள். இன்னும் 15 கிலோமீட்டர், எனக்குப் பதினான்கு ரூபாய். மாமல்லபுரத்தில் இறங்கும்போது 9.20. தேவகி அங்கே காத்திருந்தார். மூவரும் தலைக்கு இருபது ரூபாய் ஷேர் ஆட்டோவில் ஏற, நான் தனி ஆட்டோ பிடித்தேன்.

"முன்னாடி போற ஆட்டோ பின்னாடியே போங்க."

"யாரு சார் அதுல?"

"என் வொய்ஃப்."

டிரைவர் கண்ணாடியில் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "வூட்ல சண்டையா?"

"இல்ல. அவங்க சந்தோஷமா இருக்காங்க. ஏன்னு பாக்கணும்."

"பேஜாரு புடிச்ச வேலை சார் இது. நூத்தம்பது ஆவும்."

"பக்கத்துல பீச்சுக்குத்தானே போறாங்க?"

"ரோட்டுக்கு அறுவது. பாவத்துக்குத் தொண்ணூறு."

கொடுத்தேன்.

கல்பாக்கம் சாலையில் ஓரிடத்தில் இறங்கி, மணல் பாதையில் அறுநூறு மீட்டர் நடந்தால் ஒரு சவுக்குத் தோப்பு. அதைத் தாண்டிக் கடல். இடத்தின் பெயரை எழுதக் கூடாது என்று எனக்கு உத்தரவு. வழி கேட்டு யாரும் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம். ஆசை இருக்கிறவர்கள் அந்தச் சாலையில் எந்தத் தோப்பில் வேண்டுமானாலும் இறங்குங்கள், மணல் எல்லா இடத்திலும் மணல்தான்.

ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மூன்று பேரும் முதல் வேலையாகக் கைபேசிகளை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு நைலான் கயிறு கட்டினார்கள். துணிப்பையிலிருந்து வனஜா ஒரு சிவப்பு ரப்பர் வளையத்தை எடுத்தாள். ரிங் விளையாட்டு! பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகள் வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வீசிப் பிடிப்பார்களே, அதேதான். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, இரண்டு பேருக்கு எதிராக என் மனைவி ஒற்றை ஆளாக நின்றாள்.

அவள் கேஸ் சிலிண்டர் உருட்டி நான் பார்த்திருக்கிறேன். எகிறிப் பார்த்ததில்லை. அன்றைக்கு எகிறினாள். அதைவிட, வீசியது இடது கையால். எழுதுவது வலது கை, தோசை திருப்புவது வலது கை. வீசுவது இடது கை என்பது ரெஜினாவுக்குத் தெரிந்திருக்கிறது, தேவகிக்குத் தெரிந்திருக்கிறது, அந்த வளையத்துக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு இருபத்தாறு வருடமாகத் தெரியாது.

"அவுட்டு! கால் கோட்டுக்கு வெளிய கீது!" என்று கத்தினார் ரெஜினா.

"கோடு எங்கடி இருக்கு? நீதானே மிதிச்சு அழிச்ச?"

"பாரு தேவகி, கணக்கு டீச்சர் கள்ளாட்டம் ஆடறா. ஸ்கூல்ல இதத்தான் சொல்லிக் குடுக்கறியா?"

"பாயிண்ட் எண்ணத் தெரியாதவளுக்கெல்லாம் நான் பதில் சொல்ல மாட்டேன். போடு!"

பெண்கள் தனியாகக் கூடினால் புருஷன்களைக் கிழிப்பார்கள் என்பது என் நம்பிக்கை. ஹெல்மெட்டுக்குள் காதைத் தீட்டிக்கொண்டு நாற்பது நிமிடம் நின்றேன். கோட்டைப் பற்றிப் பேசினார்கள். ஒரு நண்டு எந்த வளைக்குள் போனது என்று பந்தயம் கட்டினார்கள். முட்டி வரை கடலில் நின்று, காலுக்கடியில் மண் நழுவும்போது யார் கடைசி வரை விழாமல் நிற்கிறார்கள் என்று பார்த்தார்கள். என் பேச்சு ஒரு தடவைகூட வரவில்லை. திட்டியிருந்தால் சந்தோஷமாகத் திரும்பியிருப்பேன்.

அப்போதுதான் சவுக்குச் சுள்ளி பொறுக்க வந்த ஒரு அம்மா கடல் வரைக்கும் கேட்கிற குரலில் கூவினார். "யக்கா! ஹெல்மெட் போட்டுகினு ஒரு ஆளு ரொம்ப நேரமா மரத்தாண்ட நின்னுகினு கீறான்! இன்னான்னு கேளு!"

தேவகி கையில் செருப்போடு வந்தார். ரெஜினா கையில் கட்டையோடு. வனஜா மட்டும் கையை வீசிக்கொண்டு வந்து, என் எதிரே நின்று, ஒற்றை விரலால் ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கினாள்.

"மாத்திரை போட்டீங்களா?"

"எப்படித் தெரிஞ்சது?"

"சட்டைய அயர்ன் பண்ணது யாரு?"

ரெஜினா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். வந்ததும் நல்லதாயிற்று, இனி நானும் ஆட்டத்தில் ஒருவன், மாதாமாதம் நாலு பேராகப் போகலாம் என்றுகூட மனம் கணக்குப் போட்டுவிட்டது. ஆனால் வனஜாவின் முகத்தில் அந்த மினுமினுப்பு அணைந்திருந்தது. நாலே முக்கால் முகம் வந்திருந்தது.

அடுத்த ஒரு மணி நேரம் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு நிழல் வேண்டுமென்று பாய் இடம் மாறியது. மூவருக்கு எடுத்து வந்த புளிசாதம் நாலாகப் பிரிந்து, பெரிய பங்கு என் தட்டுக்கு வந்தது. துப்பட்டாக்கள் இடுப்பிலிருந்து தோளுக்குப் போயின. தேவகி "ஆபீஸெல்லாம் எப்படி சார்?" என்று கேட்டார். தண்ணி மோட்டாரை நிறுத்தினீர்களா என்று வனஜா கேட்டாள். நிறுத்தவில்லை. பிஸ்கட் டின் திறந்தது. கீழ்வீட்டுக்கு ஃபோன் போட்டு, தொட்டி வழிகிறது என்று அவர்கள் திட்டியதை வாங்கிக்கொண்டு, மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று சொன்னாள். எடுத்த கையோடு ஸ்கூல் வாட்ஸ்அப்பில் வந்திருந்த நாலு செய்திக்கும் பதில் போட்டாள். வளையம் மணலில் கிடந்தது. ஒரு நாய் வந்து மோந்துவிட்டுப் போனது.

நான் ஒருத்தன்தான் வந்தேன் என்று நினைத்திருந்தேன். மொத்த வீட்டையும் ஹெல்மெட்டுக்குள் வைத்துத் தூக்கி வந்திருக்கிறேன்.

ரெஜினாதான் உடைத்துப் பேசினார். "தப்பா நெனைக்காத சார். எங்களுக்கு மாசத்துல இந்த ஒரு நாளுதான். அதுலயும் இன்னும் மூணு மணி நேரம்தான் கீது."

"ஏய், சும்மா இருடி," என்றாள் வனஜா. அவள் என்னைப் பார்க்கவில்லை. மணலில் அழிந்த கோட்டைக் கட்டைவிரலால் மறுபடி இழுத்துக்கொண்டிருந்தாள்.

எழுந்தேன். கோயில் பக்கம் ஒரு நண்பரைப் பார்க்க வேண்டும் என்று புளுகினேன்.

"நானும் வரவா?" என்றாள்.

வா என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. வந்திருப்பாள், அதுதான் பயம். "வேணாம், நீ ஆடு," என்றேன். ஐம்பது அடி போயிருக்க மாட்டேன், பின்னால் "அவுட்டு!" என்று சத்தம். தொடர்ந்து வனஜாவின் சிரிப்பு. கொஞ்சம் மரியாதைக்காவது ஐந்து நிமிடம் பொறுத்திருக்கலாம்.

கரையோரமாகவே வடக்கே மாமல்லபுரம் வரை நடந்தேன். சுமார் மூன்று கிலோமீட்டர், எனக்கு ஒன்றேகால் மணி நேரம். பேன்ட்டை மடித்துவிட்டு, ஒரு கையில் செருப்பு, இன்னொரு கையில் ஹெல்மெட். பாதி வழியில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை என்பது உறைத்தது. நானும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஒரு கவிழ்த்துப்போட்ட படகின் நிழலில் படுத்து அரை மணி நேரம் தூங்கினேன். கிளிஞ்சல் பொறுக்கி ஹெல்மெட்டில் போட்டுக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது. அவர்களுடையதை விட நன்றாக இருந்ததா என்று யோசித்த நிமிடம் கெட்டுப்போனது.

பகல் வெயிலில் நாற்பது ரூபாய் டிக்கெட் எடுத்துக் கோயில் பார்க்கத் தெம்பில்லை. 3.40 பஸ்ஸில் ஏறி, ஐந்து மணிக்கு வீடு. வனஜா வழக்கம்போல் ஆறரைக்கு வந்தாள். முகத்தைப் பார்த்தேன். பாதிதான் இருந்தது. மீதியை நான் தின்றிருந்தேன். அன்று ராத்திரிக்கே அதுவும் போய்விட்டது.

"அடுத்த மாசமும் போவேன்," என்றாள், துணிப்பையை உதறிக்கொண்டே.

"போ."

"பின்னாடி வருவீங்களா?"

"மாட்டேன்."

மார்ச் முதல் சனிக்கிழமை, அவள் கிளம்பும் முன் மாத்திரையை அவள் கண் முன்னால் போட்டு, நாக்கையும் நீட்டிக் காட்டினேன். மோட்டாரை நிறுத்தி, சுவிட்ச் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். சாயங்காலம் வந்தவளின் முகம் முழுசாக இருந்தது, ஞாயிறு ராத்திரி வரை தாங்கியது. எனக்கு எரிச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு மாத்திரை கிடையாது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பெண்களாக இருந்தால் திருக்கழுக்குன்றத்தில் இறங்கி மாறிப் போங்கள், போக வர பஸ்ஸுக்குச் செலவே இல்லை. ஆண்களுக்கு ஒரு வழிக்கு இருபத்தேழு ரூபாய். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் அவசியம், தோப்பில் கடை இல்லை. பத்திலிருந்து மூன்று வரை வெயில் கடுமை, ஆனால் சவுக்கு நிழலில் தெரியாது. கடலில் முட்டிக்கு மேல் இறங்காதீர்கள், இழுப்பு உண்டு. கைபேசிக்கு மூடி இறுக்கமான டின்னாக எடுத்துப் போங்கள். உங்களை யாராவது கூப்பிடாமல் போகிறார்கள் என்றால், அவர்களை விட்டுவிட்டு, நீங்கள் வேறு ஒரு சனிக்கிழமையில் போங்கள்.

பஸ் நேரத்தைச் சரிபார்த்து எழுதலாம் என்று, வனஜா எப்போதோ அனுப்பிய கால அட்டவணைப் படத்தைத் தேடி, எங்கள் வாட்ஸ்அப்பில் 'பீச்' என்று தட்டினேன். படம் வரவில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை அவள் அனுப்பிய செய்தி வந்தது. "நாளைக்கு ரெண்டு பேருக்கும் லீவு. பீச்சுக்குப் போலாமா, நாம மட்டும்? ரிங் வாங்கி வச்சிருக்கேன்." அடுத்த நிமிடமே நான் பதில் அனுப்பியிருக்கிறேன்: "வெயில். தேவகிய கூட்டிட்டுப் போயேன்."